கூடத்துச் சுவரின் மயில்கழுத்து நிறம்

கும்பகோணத்தில் சார்ங்கபாணி சுவாமியின் சித்திரைத் தேர் வலம் வரும் வழியில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், காமரா உள், கொல்லை என்று நீளவாட்டில் அமைந்த வீடு. தெருவில் பாதி வீடுகள் மாடிக் கட்டடங்களாகிவிட்டபோதும் இது மட்டும் தேக்குத் தூண்களோடும் சிவப்பு ஆக்சைடு தரையோடும் நிற்கிறது. வீட்டுக்குரிய அம்மையாருக்கு எண்பதை நெருங்கும் வயது. கணவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்னையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மகன், மனைவியுடன் தாயாரிடமே திரும்பி வந்துவிட்டார்.

ஆராவமுதன் வீதிக்கு எழுந்தருளும் நாளுக்குள் வீட்டை வெள்ளையடித்துவிட வேண்டும் என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். கோயிலில் சந்நிதி தேடி நாம் போகிறோம். தேரன்று அவனே நம் வாசலுக்கு வருகிறான். வருகிறவனை அழுக்குச் சுவரோடு வரவேற்பதா என்று அந்நாளைய இல்லத்தரசிகள் கேட்பார்கள். தவிர, 2016-க்குப் பிறகு வரும் மகாமகம் 2028-இல். அப்போது உறவினர் கூட்டம் கூடத்தில்தான் படுத்தெழும். ஆகவே இம்முறை வீடு முழுவதையும் சீர்செய்துவிடுவது என்று மகன் முடிவுசெய்தார்.

என்ன நிறம் அடிப்பது என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

மருமகளுக்கு ஓர் ஆசை. சென்னையில் தம் தங்கை வீட்டில் கண்ட மெல்லிய நீலப்பச்சை, கண்ணை உறுத்தாத ஒரு சாயல், கூடத்துக்கு வேண்டும் என்றார். அம்மையார் உடனே ஒப்புக்கொண்டார். “அதற்கென்ன, கூடம் எப்போதும் அந்த நிறந்தானே! உங்கள் மாமனார் கலக்கி அடித்த பச்சைதானே அது” என்றார். மகன் குறுக்கிட்டார். “பச்சை எங்கே அம்மா இருக்கிறது? சுவர் நல்ல நீலமாக அல்லவா இருக்கிறது!” அம்மையார் சுவரருகே போய்த் தடவிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, உனக்குக் கண் தெரியவில்லையா? பழுத்த பச்சைடா இது” என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சு. ‘வயதானால் பிடிவாதம் வந்துவிடுகிறது’ என்று மகன் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னது அம்மையாரின் காதிலும் விழுந்தது.

தமிழில் இந்தச் சண்டைக்குப் பழைய வேர் உண்டு. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே நம்மவர் ஒருபோதும் கெட்டியான வேலி போட்டதில்லை. திருமாலை நீலமேக வண்ணன் என்போம். அதே வாயால் பச்சை வண்ணன் என்றும் சொல்வோம். இராமனைக் கருநிறத்தான் என்று பாடும் மரபில்தான் புடைவைக் கடைக்காரர் ‘ராமர் பச்சை’ என்று ஒரு நிறத்தை எடுத்துப் போடுகிறார். மதுரையில் அன்னை மீனாட்சி மரகத மேனியள். சிவபெருமானோ நீலகண்டன். இரு நிறங்களும் கலந்து நிற்கும் இடத்துக்கு நெசவாளர் வைத்த பெயர் மயில்கழுத்து. வெயிலில் நீலம், நிழலில் பச்சை. ஊடும் பாவும் வெவ்வேறு நிறமாக இருப்பதால் மடிப்புக்கு மடிப்பு மாறும். உண்மை மயிலின் தோகையில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது என்பது வியப்பான செய்தி. தோகை இழைகளுக்குள் மிக நுண்ணிய அடுக்குகள் ஒழுங்காக அமைந்து, ஒளியைப் பிரித்து அனுப்புவதால் தோன்றும் நிறம் அது. முருகனின் வாகனம் சாயம் பூசிக்கொண்டு நிற்கவில்லை. ஒளியை வைத்தே விளையாடுகிறது.

அந்தக் கூடத்துச் சுவரில் இருந்ததும் கடையில் வாங்கிய பெயின்ட் அன்று. கிளிஞ்சல் சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து அடித்த பூச்சு. துருசு என்றும் சொல்வார்கள். தாமிரமும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் நீலப் படிகம் அது. காவிரிக் கரை வீடுகளில் வெள்ளைச் சுண்ணாம்பின் பழுப்பு தெரியாமலிருக்கச் சலவை நீலம் ஒரு சிட்டிகை போடுவது பொதுவழக்கம். அதில் கிடைப்பது குளிர்ந்த நீலவெண்மை. துத்தம் சேர்த்தால் கிடைப்பது வேறு: நீர்நிலையின் ஆழமில்லாத ஓரத்தில் தெரியுமே, அந்த நீலப்பச்சை. சுண்ணாம்போடு சேர்ந்ததும் துத்தக் கரைசல் நிறம் மாறி, வெளிர்நீலத் துகளாகப் படிகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப்பட்டு அது நாளடைவில் சற்றுப் பச்சையை நோக்கிச் சாய்வதும் உண்டு.

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் பச்சையாகப் பிடிக்கும் களிம்பும் இதே இனந்தான். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பையே உவமையாகச் சொல்வார்கள். குடத்தில் இருந்தால் மலம், சுவரில் இருந்தால் அழகு என்று அந்த வீட்டுப் பெரியவர் வேடிக்கையாகச் சொல்வாராம்.

இதே கலவையை உழவர்கள் போர்டோ கலவை என்று அறிவார்கள். பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் பூஞ்சணம் பற்றவில்லை என்பதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் அதை மருந்தாகவே உலகுக்கு அறிவித்தார். நூறு லிட்டர் நீருக்குத் துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்பது இன்றும் நம் பாக்கு, காப்பித் தோட்டங்களில் வழங்கும் அளவு. பூஞ்சணத்தைத் தடுக்கும் பொருள் சுவரில் இருப்பது ஆற்றங்கரை வீட்டுக்கு எவ்வளவு பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இராஜஸ்தானத்து ஜோத்பூரின் நீல வீடுகளைப் பற்றியும், துத்தம் கலந்தால் கரையான் அண்டாது என்பதை அங்குள்ளோர் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

மகனுக்குச் சுண்ணாம்பில் நாட்டமில்லை. ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், தொட்டால் கையில் ஒட்டும், சாய்ந்தால் சட்டை வெளுக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு விடுமுறையில் வந்தபோது ரேழிக்கு மட்டும் பட்டி பார்த்து, விலையுயர்ந்த எமல்ஷன் அடித்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு ஐப்பசி கடந்ததும் சுவர் கொப்புளித்தது. இடுப்பளவு உயரம் வரை உப்புப் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ரேழி அவ்வாறு நிற்க, பல ஆண்டுகளாக மட்டை படாத கூடத்துச் சுவரோ அழுக்கேறியிருந்தாலும் ஓரிடத்திலும் கொப்புளிக்கவில்லை.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை மேற்பரப்பின் வழியே ஆவியாக விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். நெகிழித்தன்மையுள்ள பூச்சு வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு எங்கே இடங்கிடைக்கிறதோ அங்கே முட்டித் தள்ளும். சிமெண்டுப் பூச்சுள்ள புது வீட்டுக்கு எமல்ஷன் நல்லதுதான். குறை பெயின்டில் இல்லை, சுவரறியாமல் அடிப்பதில்தான் இருக்கிறது. பழைய வீடு உள்ளவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

இதற்கிடையே உறவினர் ஒருவர் வந்தார். நீலப்பச்சை என்றதும், “ஆஸ்பத்திரி கலரா?” என்று சிரித்துவிட்டுப் போனார். மருமகளுக்கு மனம் சுருங்கிவிட்டது. ஆனால் மருத்துவமனைக்கு அந்த நிறம் போனதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்நாளில் அறுவை அரங்குகள் முழு வெள்ளையாக இருந்தன. குருதியின் சிவப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் தலைநிமிர்ந்து வெள்ளைச் சுவரைக் கண்டதும் கண் கூசியது. பச்சைப் புள்ளிகள் மிதப்பதுபோலத் தோன்றியது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன் 1914-ஆம் ஆண்டளவில் தம் அரங்கின் தரைக்கும் சுவருக்கும் பச்சை நிறம் கொடுத்துக் கண்ணுக்கு ஓய்வு தேடினார். சிவப்புக்கு எதிர்நிறம் நீலப்பச்சை. ஒன்றைப் பார்த்துக் களைத்த கண் மற்றதை விரும்பும்.

இதே கணக்குத்தான் நம் வீட்டுக்கும். சிவப்பு ஆக்சைடு தரைக்கு மேல் நீலப்பச்சைச் சுவர் எழும்பும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன. மஞ்சள் பூசிய நிலைப்படி, மாவிலைத் தோரணம், குங்குமப் பொட்டு, தஞ்சாவூர்ப் படத்தின் தங்கரேக்கு, பித்தளைக் குத்துவிளக்கு இவையெல்லாம் பளிச்சென்று தெரிவதற்கு இதைவிட நல்ல பின்னணி அரிது. மருத்துவமனைபோலத் தோன்றுவது நிறத்தால் அன்று, வெறுமையால். சுவாமி படமும் ஊஞ்சலும் உள்ள கூடத்தை யாரும் மருத்துவமனை என்று சொல்லமாட்டார்கள்.

பச்சைக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. 1775-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, தாமிரத்தோடு பாஷாணத்தைச் சேர்த்து ஓர் அழகிய பச்சையை உண்டாக்கினார். ஐரோப்பிய மாளிகைகளில் சுவர்த்தாளுக்கு அதைப் பூசினார்கள். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதிலிருந்து நச்சுக்காற்று எழும் என்பது பிற்பாடு தெரியவந்தது. செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் சிறையிருந்த வீட்டின் சுவர்த்தாளிலும் பாஷாணம் இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அவர் இறப்புக்கு அதுவே காரணமா என்பது வேறு வழக்கு. இன்றைய கடைப் பெயின்ட்களில் நீலப்பச்சையைத் தருவது பெரும்பாலும் 1930-களில் விற்பனைக்கு வந்த தாலோசயனைன் என்னும் நிறமி. அதன் நடுவிலும் தாமிரமே இருக்கிறது. ஆனால் கரையாதபடி கட்டுண்டு கிடப்பதால் அச்சமில்லை. பழைய எண்ணெய்ப் பெயின்ட்களில் கவனிக்க வேண்டியது ஈயம். 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல்களை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் வரும் வீடுகளில் இதை மறக்கலாகாது.

தை மாதத்தில் அம்மையாரின் வலக்கண்ணுக்குப் புரை நீக்கும் அறுவை நடந்தது. பெயின்ட் பேச்சு அத்தோடு நின்றது. மறுநாள் கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பினார். இரண்டொரு நாள் கழித்துக் காலையில், கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து கண்ணாடியைக் கழற்றியவர் மருமகளை அழைத்தார்.

“சுவரை யார் நீலமாக்கினது?”

யாரும் ஆக்கவில்லை என்றார் மருமகள். அம்மையார் வலக்கண்ணைக் கையால் மூடினார். சுவர் பழைய பழுத்த பச்சை. இடக்கண்ணை மூடினார், நீலம், அதுவும் கூசுகின்ற நீலம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகன் வந்ததும், “நீயும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லையடா” என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை. வயதின் பிடிவாதம் என்று தாம் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கண்ணின் வில்லை வயதாக ஆக மஞ்சளிக்கிறது. புரை முற்றினால் பழுப்பாகவும் ஆகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல நீல ஒளி உள்ளே புகாமல் தடைப்படுகிறது. மெல்ல நிகழ்வதால் பார்ப்பவருக்கே தெரிவதில்லை. வில்லையை மாற்றியதும் நீலம் ஒரேயடியாக வந்து விழுகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் ஒரு கண்ணில் புரை நீக்கிக்கொண்ட பிறகு, எல்லாம் மிகையான நீலமாகத் தெரிகிறது என்று முறையிட்டது புகழ்பெற்ற செய்தி. புரையிருந்த ஆண்டுகளில் அவர் தீட்டிய ஓவியங்களிலோ செம்மையும் பழுப்பும் மிகுந்திருக்கின்றன.

மாசியில் வேலை தொடங்கியது. மேஸ்திரி அத்தெருவிலேயே வெள்ளையடித்து வளர்ந்தவர். கூடத்துச் சுவரின் உதிரும் பகுதிகளைச் சுரண்டத் தொடங்கியவர், சிறிது நேரத்தில் மகனைக் கூப்பிட்டார். “ஐயா, இதைப் பாருங்கள்” என்று சுரண்டிய ஓரத்தைக் காட்டினார். மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காகப் பூச்சுகள். அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய நீலப்பச்சை. மேலே வர வர நிறம் ஏறிக்கொண்டே வந்து, எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவர் கடைசியாக அடித்த அடுக்கு, அடர்ந்த நீலம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலடுக்கு உதிர்ந்த இடத்தில்தான் கீழடுக்கு முகங்காட்டியது. சுண்ணாம்புச் சுவர் எதையும் அழிப்பதில்லை. மேலே மேலே வாங்கி வைத்துக்கொள்கிறது.

பெரியவர் கணக்கில் கண்டிப்பானவர். வீட்டுச் செலவுக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் காமரா உள்ளில் பெட்டியோடு இருந்தன. மகன் அவற்றை எடுத்துப் புரட்டினார். ஒவ்வோர் ஆண்டும் தேருக்கு முன் ஒரு வரி. கிளிஞ்சல் சுண்ணாம்பு 10 கிலோ என்பது மாறவேயில்லை. துத்தம் மட்டும் மாறியது. முதல் பக்கங்களில் அரை கிலோ. பல ஆண்டுகள் அதே அளவு. பிறகு 600 கிராம், 750 கிராம், ஒரு கிலோ. கடைசி வரியில் ஒன்றரை கிலோ.

அந்தக் கடைசி ஆண்டு மகன் தேருக்கு வந்திருந்தார். சுவரைப் பார்த்ததும், “என்னப்பா இப்படிக் கண்ணைப் பறிக்கிறது! உங்களுக்கு அளவு நிதானம் போய்விட்டது. அடுத்த வருஷம் ஆள் வைத்து அடித்துக்கொள்ளலாம்” என்று எல்லோருக்கும் நடுவில் சொன்னார். பெரியவர் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு எப்போதும்போலத்தானே தெரிகிறது” என்று மட்டும் சொன்னாராம். அடுத்த தேருக்கு அவர் இல்லை. கண்ணைக் காட்ட அவரை யாரும் அழைத்துச் சென்றதுமில்லை. செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார், வயதாகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அம்மையாரின் மறு பரிசோதனைக்குப் போன நாளில் மகன் நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினார். பார்க்காத கண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படி நடப்பதுண்டு என்றார் மருத்துவர். நீலம் உள்ளே வராத கண்ணுக்குச் சுவர் வெளுத்ததாகத் தோன்றும். பழைய நிறத்தைக் கொண்டுவர மனிதர் மேலும் மேலும் சேர்ப்பார். நிதானம் தவறியதால் கூடிய அளவு அன்று அது, ஒரே நிறத்தைக் காக்க முயன்றதால் கூடியது. திரும்பி வரும் வழியெல்லாம் மகன் நோட்டுப் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் கூடத்துக்கு எமல்ஷன் என்ற பேச்சே எழவில்லை. முதல் பக்கத்து அளவு எதுவோ அதுவே என்று முடிவாயிற்று.

அடித்த முறையையும் சொல்லிவிடலாம். செய்து பார்க்க விரும்புவோருக்குப் பயன்படும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, நான்கைந்து நாள் நீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டினார்கள். ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் சேர்ப்பது வழக்கம். அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சுவது என்பதால் அந்த வீட்டில் எப்போதும் அரிசிக் கஞ்சிதான். துத்தத்தை வெந்நீரில் தனியே கரைத்தார்கள், இரும்பு வாளியில் அன்று, பிளாஸ்டிக் வாளியில். இரும்பில் கரைத்தால் தாமிரம் பிரிந்து வாளியில் படியும். வாளி அரிக்கும், நிறமும் கெடும். கரைசலைச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினார்கள். சுவரை முதலில் நீர் தெளித்து நனைத்துக்கொண்டு, தண்ணீராகவே மூன்று முறை அடித்தார்கள். கெட்டியாக ஒரே முறை அடித்தால் பொரிந்துவிடும். ஈரத்தில் பார்த்தால் நிறமே இல்லாததுபோலிருக்கும். அவசரப்பட்டுத் துத்தம் சேர்க்கக் கூடாது. மறுநாள் காய்ந்த பிறகுதான் நிறம் மேலே வரும்.

துத்தம் நஞ்சு. கண்ணில் தெறிக்கக் கூடாது. குழந்தைக்கும் மாட்டுக்கும் எட்டக் கூடாது. மீந்த கரைசலைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டினால் மீன் செத்து மிதக்கும். கோயில் குளத்துக்கருகே வீடு உள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

மாடியில் பிற்பாடு கட்டிய அறை சிமெண்டுச் சுவர். அதற்கு எமல்ஷனே ஏற்றது. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக ஏறக்குறைய 400. இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும் என்று வைத்தால் நான்கு லிட்டர் போதும். வண்ண அட்டையை மட்டும் நம்பி மொத்தமாக வாங்காமல், சிறிய மாதிரி டப்பா ஒன்று வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பார்த்தார்கள். அட்டையில் மெல்லியதாகத் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் சேரும்போது ஒன்றை ஒன்று கூட்டிவிடும். ஆகவே மனத்துக்குப் பிடித்ததற்கு ஒரு படி வெளுத்ததை எடுப்பதே அறிவு. விளக்கும் நிறத்தை மாற்றும். 6500 கெல்வின் என்று அச்சிட்ட வெள்ளை எல்இடி விளக்கில் நீலம் தூக்கலாக நிற்கும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் பச்சை முன்வரும். நல்லெண்ணெய்த் தீபத்தின் ஒளி அதைவிடவும் மஞ்சள். அதில் இந்தச் சுவர் இளந்தளிர்போல ஆகிவிடும்.

பூஜையறைக்கு இந்த நிறம் ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். வடகிழக்கை நீருக்குரிய மூலையாகக் கொள்ளும் வாஸ்து நம்பிக்கையினர் நீலப்பச்சையை ஏற்கிறார்கள். அந்த வீட்டில் பூஜையறை வெண்மையாகவே விடப்பட்டது, வேறு காரணத்துக்காக. அன்றாடம் விளக்கும் கற்பூரமும் ஏற்றும் இடத்தில் கரி படியும். வெறும் சுண்ணாம்பு என்றால் கார்த்திகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று கை நிறைய அடித்துக்கொள்ளலாம். நிறம் ஒத்துவருமா என்ற கவலை இல்லை.

சுவர் முழுவதையும் சுரண்ட வேண்டாம், உதிர்வதை மட்டும் எடுத்தால் போதும் என்று மகன் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். சுவாமி அலமாரிக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்குப் புதுப் பூச்சும் அடிக்கவில்லை. பெரியவரின் ஒன்றரை கிலோ நீலம் அங்கே அப்படியே இருக்கிறது. அலமாரியை நகர்த்தினால்தான் தெரியும்.

தேரன்று காலை முழுப் பந்தலாகக் கோலம் போட்டுச் செம்மண் இட்டார்கள். அம்மையார் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சேவித்தார். தேர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து ஊஞ்சலில் அமர்ந்தார். இடக்கண்ணுக்கு அறுவை வைகாசியில். அதுவரை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு கண்ணை மூடினார்.

அன்று மாலை மகன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தந்தையின் கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: கிளிஞ்சல் சுண்ணாம்பு 10 கிலோ. துத்தம் அரை கிலோ.